வெடித்த தீர்த்தச் சீசா

நாம் எல்லோரும் இப்போது பாட்டிலும் கையுமாக அலைகிறோம். கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் கைப்பையில் முதலில் ஏறுவது தண்ணீர்தான். நம் வயதில் கல்லடைப்பு வராதவர் யார், கால் மரத்துப் போகாதவர் யார்! எந்த டாக்டரிடம் போனாலும், "தண்ணி நெறைய குடிங்கம்மா" என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். உங்களுக்கெல்லாம் அது சாதாரணப் பேச்சு. எனக்கு மட்டும் அதைக் கேட்டால் அடிவயிறு திக்கென்கிறது. எண்பதை எட்டிப் பிடிக்கப் போகிற கிழவிக்கு இன்னும் என்ன திக்கு என்று சிரிக்காதீர்கள். தண்ணீருக்காக ஒரு மனுஷி என்ன செய்வாள் என்பதைச் சிறுபிள்ளையிலேயே கண்ணால் பார்த்தவள் நான்.

அது ஏதோ வறண்ட சீமையில் நடந்த கதை என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊர் கவுஞ்சி. கொடைக்கானலைத் தாண்டி மலைக்குள்ளே போக வேண்டும். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ராப்பகலாகச் சலசலக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கூரை ஒழுகும், சுவர் கசியும், துவைத்துப் போட்ட பாவாடை காய்வேனா என்னும். தீப்பெட்டி நமத்துப் போகக்கூடாதென்று பெரியத்தை அதை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிவாள். அப்பாவுக்கு மூத்தவள் அவள். தாயில்லாத அப்பாவைத் தூக்கி வளர்த்தவள். அடுத்த வீடுதான் என்றாலும் எங்கள் வீட்டு உப்பும் புளியும் அவள் கையில்தான் இருந்தன.

மார்கழி பிறந்தால் மழை ஓய்ந்து உறைபனி தொடங்கும். சாயங்காலம் வானம் மேகமில்லாமல் துடைத்து வைத்தது போல் இருந்தால் அப்பாவின் முகம் சுருங்கிவிடும். விடிந்து பார்த்தால் கிழங்குக் காடு முழுக்க உப்பைக் கொட்டியது மாதிரி வெள்ளையாகக் கிடக்கும். வெயில் வருவதற்குள் வாய்க்கால் தண்ணீரைக் குடத்திலும் தகர டின்னிலும் மொண்டு போய் உருளைக்கிழங்குச் செடிகள் மேல் விசிற வேண்டும். பனி கரைந்து ஓடிவிட்டால் செடி பிழைக்கும். பனியோடு சேர்த்து வெயில் பட்டுவிட்டால் போச்சு. மதியத்துக்குள் இலையெல்லாம் வெந்த கீரையாகக் கறுத்துத் தொங்கும். கைவிரல் மரத்துப் போய், உதடு வெடித்து ரத்தம் கசிய, ஊரே அந்த வேலையில் இறங்கும்.

இலைக்குள் இருக்கும் தண்ணீர்தான் அந்த அழிவைச் செய்கிறது என்பதைப் பிற்பாடு என் மகளின் பாடப் புத்தகத்தில் படித்தேன். மற்றதெல்லாம் குளிர்ந்தால் ஒடுங்குகிறது. இந்தத் தண்ணீர் மட்டும் உறைகிற நேரத்தில் இடம் போதாமல் முண்டி, வீங்கி, இலைக்குள் இருக்கிற பொடிப்பொடி அறைகளைக் கிழித்துவிடுகிறதாம். எங்கள் ஊரில் அன்று எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் தண்ணீர் உறைந்தால் வெடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததுதான் வினையாகப் போனது.

அந்த மார்கழியில் அம்மாவுக்கு நிறைமாதம். எனக்கு அடுத்து ஆண்பிள்ளை வேண்டுமென்று அப்பா பழனிக்கு நடந்து போய் வேண்டிக்கொண்டு, பச்சைச் சீசா ஒன்றில் அபிஷேகத் தீர்த்தம் கொண்டுவந்திருந்தார். அப்போதெல்லாம் கண்ணாடிப் பாட்டிலைச் சீசா என்றுதான் சொல்வோம். அதை நெல்லுப் பானைக்கு மேல் விபூதி மடலோடு வைத்திருந்தோம். அம்மாவுக்கு இடுப்பு வலி கண்டதும் பெரியத்தை முதல் காரியமாக அந்தச் சீசாவை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பிள்ளை பிறந்தால் வீடு தீட்டு. பழனியாண்டவன் தீர்த்தம் தீட்டுக்குள் இருக்கலாமா? கொல்லைச் சுவரில் இருந்த மாடக்குழியைத் துடைத்து அதில் பத்திரமாக வைத்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் தம்பி பிறந்தான். மறுநாள் காலை கொல்லைக்கு முதலில் போனவள் நான். சீசா நெடுகப் பிளந்து, ஒரு பக்கக் கண்ணாடி கீழே விழுந்து கிடந்தது. உள்ளே இருந்த தீர்த்தம் சீசாவின் வடிவத்திலேயே கட்டியாக நின்றது. தலையில் தக்கையைத் தூக்கிக்கொண்டு, வயிற்றில் ஒரு வில்வ இலையோடு நின்றது. அவ்வளவு அழகான சாமானை நான் அதுவரை பார்த்ததில்லை. கை தட்டிக் குதித்தேன். சத்தம் கேட்டு வந்த பெரியத்தை அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏலே தம்பி, வெரசா வந்து பாரு! கண்ணாடியே தாங்கலையே. பச்ச ஒடம்பு எப்புடிரா தாங்கும்?"

அப்பா வந்து பார்த்தார். பிரசவம் பார்த்த மருத்துவச்சிதான் வாய் திறந்தாள். "பிள்ளத்தாச்சிக்கு நெறைய ரெத்தம் போயிருக்கு தாயி. சுக்குத் தண்ணியாச்சும் வெதுவெதுன்னு ஒரு வாய் குடுங்க. அம்புட்டுப் பேருக்கும் அப்புடித்தான குடுக்குறோம்?"

"குடுக்குறோம். இப்பச் சாமியே காட்டிட்டாருல்ல. இவ வயித்துக்குள்ள போயி அது ஒறைஞ்சு போச்சுன்னா நீயா வந்து ஒட்டவைப்ப? போ, ஒன் சோலியப் பாரு" என்றாள் பெரியத்தை.

பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பது நம் பக்கமெல்லாம் உண்டு, உங்களுக்கும் நடந்திருக்கும். ஆனால் அடியோடு நிறுத்தியது எங்கள் வீட்டில்தான். அந்த வாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது. ஏனென்றால் அதில் பொய் எதுவும் இல்லை. தண்ணீர் உறையும், வீங்கும், சீசாவைப் பிளக்கும். எல்லாம் நிஜம். உயிருள்ள உடம்புக்குள் எப்போதும் ஒரு அடுப்பு கனன்றுகொண்டிருக்கிறது, அங்கே பனி எட்டிப்பார்க்க முடியாது என்கிற ஒன்று மட்டும்தான் விட்டுப்போனது.

தண்ணீர்க் குடங்கள் எல்லாம் மாட்டுக் கொட்டத்துக்குப் போயின. அம்மா படுத்திருந்த அறையில் கணப்புச் சட்டி கனகனவென்று எரிந்தது. அவளுக்கு வேர்த்து வேர்த்து வழிந்தது. சாப்பாட்டுக்கு வடித்து உலர்த்திய சோறு. தொட்டுக்கொள்ள எங்கள் காட்டு மலைப்பூண்டை நெருப்பில் சுட்டு, மிளகும் உப்பும் போட்டு நசுக்கிக் கொடுத்தாள் பெரியத்தை. வாய் கொப்பளிக்கக்கூட விடவில்லை. விழுங்கிவிடுவாளாம். இதையெல்லாம் கொடுமையாகச் செய்தாள் என்று நினைக்காதீர்கள். அம்மாவின் தலைமாட்டிலேயே உட்கார்ந்து, காலை அமுக்கிவிட்டு, தன் கம்பளியையும் அவள் மேல் போர்த்திவிட்டுத் தான் குளிரில் நடுங்கிக்கொண்டு இருந்தவள் அவள். அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்னும் பதறுகிறது.

என்னிடம், "ஒங்கம்மா தண்ணி கேப்பா. நீ குடுத்தன்னு வையி, அந்தச் சீசா கணக்கா வெடிச்சிருவா" என்று சொல்லி வைத்திருந்தாள். நான் நம்பினேன். அம்மா வெடித்துப் போவதை நினைத்து நினைத்து, கொட்டத்துக் குடங்களுக்குக் காவல் இருந்தேன்.

மழைக்காலத்தில் சோலைக்குள் போய் வந்தால் காலில் அட்டை ஏறியிருக்கும். பெரியத்தை ஒரு சிட்டிகை உப்பை எடுத்து அதன் மேல் தூவுவாள். ரத்தம் குடித்துக் கொழுத்துத் தொங்கும் அட்டை நெளிந்து, நீரையெல்லாம் கக்கிவிட்டு, கயிற்றுத் துண்டாகச் சுருங்கி விழும். உப்பு தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்பதை நிமிஷத்தில் காட்டிவிடும் அந்த அட்டை. எத்தனையோ தடவை அதைச் செய்து பார்த்த அதே விரல்களால்தான் பெரியத்தை அம்மாவின் பூண்டுக்கு உப்புப் போட்டாள். ஒரு தடவைகூட அவளுக்கு உறைக்கவில்லை.

அம்மாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கண் உள்ளே போய்விட்டது. நாக்கு பலகையாகிவிட்டதால் பேச்சு குழறியது. தம்பிக்குப் பால் சுரக்கவில்லை. பசும்பாலைத் துணித் திரியில் நனைத்து ஊட்டினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் புறங்கைத் தோலைக் கிள்ளி விளையாடுவேன். என் கையில் கிள்ளினால் தோல் உடனே படிந்துவிடும். அம்மாவின் கையில் கிள்ளி விட்டால் வரப்பு மாதிரி அப்படியே நிற்கும். வரிசையாகக் கிள்ளி வரப்புக் கட்டி, "அம்மா, ஒங் கையில காடு போட்டிருக்கேன், பாரு" என்று காட்டினேன். அவள் சிரித்தாள். சிரித்ததில் உதடு வெடித்துவிட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் அழுதாள். தோள் குலுங்கியது, வாய் கோணியது, கண்ணில் மட்டும் ஒன்றும் வரவில்லை. பெரியத்தை அவள் தலையைத் தடவி, "நெஞ்சுறுதிக்காரி. ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே" என்று மெச்சிக்கொண்டாள். அப்புறம் அம்மா என்னை அருகில் கூப்பிட்டாள். தண்ணீர் கேட்கப் போகிறாள் என்று பயந்தபடி போனேன். அவள் கேட்கவில்லை.

"ஏத்தா, அந்தக் கொல்லக் கதவச் சாத்து. வாய்க்காலு சத்தம் கேக்குது" என்றாள்.

நான் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் கடும் பனி. அப்பாவும் பெரியத்தையும் செடிக்குத் தண்ணீர் விசிறப் போய்விட்டார்கள். நான் கண் விழித்தபோது தொட்டிலில் தம்பி மட்டும் இருந்தான். அம்மாவின் பாய் காலியாக இருந்தது. கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. வாய்க்கால் வரை போகத் தெம்பில்லாமல், அம்மா அந்தப் பக்கத்துக் கோஸ் பாத்தியில் முட்டி போட்டுக் கிடந்தாள். கோஸ் இலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதன் மேல் படிந்திருந்த பனியை நாக்கால் நக்கிக்கொண்டிருந்தாள். ஒரு இலையை நக்கி முடித்து அடுத்த இலைக்குத் தவழ்ந்தாள். தலைமுடி அவிழ்ந்து மண்ணில் புரண்டது. நாக்கு வெட்டுப்பட்டு இலையில் ரத்தம் தீற்றியிருந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அது என் அம்மாதானா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஆறு நிறையத் தண்ணீர் போனாலும் நாய் நக்கித்தான் குடிக்க வேண்டும் என்று ஒரு பழமொழி சொல்வார்களே, அதை என் முன்னால் யாரும் சொல்ல நான் விடுவதில்லை. ஏன் என்று என் பிள்ளைகளுக்கே தெரியாது.

தண்ணீர் மொண்டுகொண்டு வந்த அப்பா பார்த்துவிட்டார். கையில் நிறைந்த டின் இருந்தது. பின்னாலேயே வந்த பெரியத்தை வாயில் அடித்துக்கொண்டு அலறினாள். "ஜன்னி கண்டிருச்சுடா தம்பி! யாரோ தண்ணி குடுத்திருக்காக! நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

காய்ச்சல் முற்றிப் பிதற்றுவதைத்தான் ஜன்னி என்பார்கள். அம்மா பிதற்றவில்லை. தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். தெளிவாகத்தான் கேட்டாள்.

"அம்புட்டுச் செடிக்கும் ஊத்துறீகளே. எனக்கு ஒரு கை ஊத்தக் கூடாதாங்க?"

அப்பா டின்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். தண்ணீர் தளும்பி அவர் காலில் கொட்டியது. ஆனால் அவர் ஊற்றவில்லை. டின்னைக் கீழே வைத்துவிட்டு அம்மாவை வாரித் தூக்கினார். ஒரு கைத் தண்ணீர் கொடுக்கத் துணியாத மனுஷன், அவளைச் சுமந்துகொண்டு மலையைத் தாண்டத் துணிந்தார். அப்போது எங்கள் ஊருக்கு லாரி ஏறாது. கம்பளியை மூங்கிலில் கட்டி டோலியாக்கி, ஆட்களை வைத்துத் தூக்கிக்கொண்டு, லாரி நிற்கும் இடம் வரை நடந்தோம். பெரியத்தை தம்பியை மடியில் கட்டிக்கொண்டாள். நான் பின்னால் ஓடினேன். கிழங்கு மூட்டைகளுக்கு மேல் அம்மாவைப் படுக்க வைத்துக் கொடைக்கானல் போனோம். தண்ணீர் விசிற ஆளில்லாமல் எங்கள் காடு அன்று பாதிக்கு மேல் கறுத்துப் போனது.

மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா முதலில் செய்த காரியத்தைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவின் புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். என் விளையாட்டு! வரப்பு அப்படியே நின்றது. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"தண்ணி குடுத்தீங்களா, இல்லையா?"

பெரியத்தை கையைக் கட்டிக்கொண்டு பெருமையாகச் சொன்னாள். "பெத்ததுலருந்து ஒரு சொட்டு குடுக்கலைங்க. கட்டுக்காவலா வச்சிருந்தோம். எப்புடியோ ஏமாத்திட்டு இன்னைக்குக் காலையில பனியத் தின்னுப்புட்டா."

டாக்டரம்மா நர்ஸைப் பார்த்துப் போட்ட கூச்சலில் ஆஸ்பத்திரியே அதிர்ந்தது.

கட்டிலுக்கு மேலே ஒரு கண்ணாடிச் சீசாவைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். அதிலிருந்து ரப்பர்க் குழாய் இறங்கி அம்மாவின் கைக்குள் போனது. சீசாவைப் பார்த்ததும் பெரியத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. "முருகா, இதாச்சும் வெடிக்காம இருக்கணும்" என்று கும்பிட்டபடி சுவரோரம் உட்கார்ந்தாள். நான் டாக்டரம்மாவின் சேலையை இழுத்து, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"தண்ணிதான் கண்ணு. கொஞ்சம் உப்புப் போட்ட தண்ணி. வேற ஒண்ணும் இல்லை."

அவர் அந்தப் பக்கம் போனதும் பெரியத்தை என் தலையில் குட்டினாள். "தண்ணியாம்ல தண்ணி! சின்னப் புள்ளைன்னு ஒங்கிட்ட வெளையாடுது. அது இங்கிலீசு மருந்துடி."

சீசா பாதி இறங்கியபோது அம்மா என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணோரத்தில் ஏதோ மினுங்கியது. திரண்டு, மூக்குப் பக்கமாக வழிந்தது. கண்ணீர் திரும்பி வந்துவிட்டது. எங்கள் அம்மா பிழைத்துக்கொண்டாள். தம்பியும் பிழைத்தான். இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டான்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை உங்களிடம் சொல்லவே வந்திருக்க மாட்டேன். ஊருக்கு ஊர் இப்படி ஒரு கதை கிடைக்கும்.

பெரியத்தை போய்ச் சேர்ந்தாள். ஊருக்கு ரோடு வந்தது, லாரி வந்தது. எனக்குக் கல்யாணம் ஆகி, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தேன். கொடைக்கானலில்தான் பிரசவம். "தண்ணி, பால், கஞ்சி எல்லாம் தாராளமா குடி" என்று நர்ஸ் சொல்லித்தான் அனுப்பினாள். வீட்டுக்கு வந்து இறங்கியதும் மார்கழிக் குளிர். அதே அறை, அதே கணப்புச் சட்டி. அம்மா சுட்ட பூண்டும் உலர்ந்த சோறும் கொண்டுவந்து வைத்தாள். விக்கியது. தண்ணீர் கேட்டேன்.

"தண்ணி கேக்கக் கூடாதுத்தா. பச்ச ஒடம்பு" என்றாள் அம்மா.

நான் விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். அடுக்களையில் குடத்தைக் காணவில்லை. கொல்லை மாடக்குழியில் புதுத் தீர்த்தச் சீசா ஒன்று இருந்தது. பனியில் வெடித்துவிடாமல் இருக்க அதற்குப் பழைய சுவெட்டர் துண்டைச் சுற்றியிருந்தாள்.

"அம்மா, நீயாம்மா இதச் சொல்ற? கோஸ் பாத்தியில முட்டி போட்டுக்கிட்டு நீ பனிய நக்குனத நான் பார்த்தேன்மா. இந்தக் கண்ணால பார்த்தேன்."

அம்மா கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கோபமே இல்லை.

"பாத்தேல்ல? அந்தப் பனியத் தின்னுதான்டி எனக்கு ஜன்னி கண்டுச்சு. ஒங்க பெரியத்த காவல் காத்ததுனாலயும் அந்த இங்கிலீசு மருந்துனாலயும்தான் உசுரோட இருக்கேன். அம்புட்டையும் பாத்துப்புட்டு நீயும் தண்ணி கேக்குறியே?"

அந்தத் தாகம் அவளுக்கு நினைவில்லை. கதவைச் சாத்தச் சொன்னது நினைவில்லை. பெரியத்தை சொன்னதுதான் அவளுக்கு நடந்ததாக ஆகிவிட்டிருந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். தையல் சுண்டி இழுத்தது. கொட்டத்துக்குப் போய், குடத்தில் சொம்பை முக்கி எடுத்து, அவளைப் பார்த்துக்கொண்டே கடகடவென்று குடித்தேன். மறுபடியும் மொண்டு குடித்தேன். பல் கூசுகிற குளிர்ச்சி. அம்மா என்னைத் தடுக்கவில்லை. என் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசற்படியில் சாய்ந்து நின்றாள். பெற்ற மகள் கண்ணெதிரே விஷம் குடிப்பதைப் பார்க்கிறவள் போல என்னைப் பார்த்தாள்.

அவள் கன்னம் முழுக்க நனைந்து, தாடையில் வழிந்து, பிள்ளையின் தலையில் சொட்டியது. அவள் கண்ணில் அன்று தாராளமாகத் தண்ணீர் இருந்தது.